ஆவடி ரயிலுக்கு மாடி எதற்கு?

சென்னை மேற்குப் புறநகரின் ரயில் நெரிசலுக்கு இரண்டடுக்கு மின்சார ரயில் ஒன்றே தீர்வு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. இந்த யோசனை அவருக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. கொரட்டூர் டீக்கடையில் தொடங்கி நகரத் திட்டமிடல் கருத்தரங்கம் வரை யாராவது இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீக்கடையில் சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் அன்று காலை வில்லிவாக்கம் வரை ஒற்றைக் காலில் நின்று வந்திருப்பார், ஆற்றாமையில் பேசுகிறார். கட்டுரையாளர் அப்படி அல்ல. வெளிநாட்டு உதாரணம், வரைபடம், அடிக்குறிப்பு எல்லாம் போட்டு, இதை எதிர்ப்பவர்கள் நவீனத்துக்குப் பகைவர்கள் என்று முத்திரையும் குத்திவிட்டுப் போகிறார். பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் வாதத்தை நியாயமாகவே சுருக்கித் தருகிறேன். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் போகும் வண்டிகள் நிரம்பி வழிகின்றன. பன்னிரண்டு பெட்டிக்கு மேல் சேர்க்க நடைமேடை நீளம் போதாது. புதிய பாதை போட நிலம் இல்லை. பக்கத்தில் மனை கிடைக்காதவன் மாடி கட்டுகிறான். ரயிலும் அதையே செய்யட்டும். பாரிஸ் செய்தது, சிட்னி செய்தது. நம் கண்ணெதிரே பெங்களூர் டபுள் டெக்கர் அம்பத்தூர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. இன்னும் என்ன தயக்கம்?

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் மறுக்க முடியாதது முதல் வரி மட்டும்: வண்டிகள் நிரம்பி வழிகின்றன.

பெங்களூர் வண்டியிலிருந்து தொடங்கலாம், அவருடைய தலைச்சாட்சி அதுதான். 2013 ஏப்ரல் 25 அன்று ஓடத் தொடங்கிய ஏசி டபுள் டெக்கர் அது. ஒரு பெட்டியில் 120 இருக்கை: மேல்தளத்தில் 50, கீழ்த்தளத்தில் 48, இரு முனைகளிலும் சேர்த்து 22. சாதாரண எல்.எச்.பி. ஏசி சேர் காரில் 78. ஒன்றரை மடங்கு, உண்மைதான். ஆனால் அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கை எண் இருக்கிறது. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே வண்டி சென்ட்ரலில் வந்து நின்றுவிடுகிறது. பெட்டியின் முனையிலுள்ள கதவு வழியாக ஒவ்வொருவராக நுழைந்து, குறுகிய படியில் ஏறியோ இறங்கியோ, சூட்கேஸை எங்கே திணிப்பது என்று திணறி, பக்கத்து இருக்கைக்காரரோடு ஜன்னலுக்குத் தகராறு செய்து, உட்கார்ந்து முடிக்கும் வரை அவகாசம் இருக்கிறது. பிறகு ஆறு மணி நேரப் பயணம், விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுத்தங்கள். அம்பத்தூரில் அது நிற்பதே இல்லை. நிற்காமல் போகும் வண்டியைக் காட்டி, நின்று நின்று போகும் வண்டிக்கு யோசனை சொல்கிறார்.

அதை மின்சார இரண்டடுக்கு ரயில் என்று வேறு எழுதுகிறார். மின்சாரத்தில் ஓடுவது முன்னால் இழுக்கும் எஞ்சின். பெட்டிகளில் மோட்டார் ஒன்றும் இல்லை, அவை சும்மா இழுபடுகின்றன. அவற்றைச் செய்தது பெரம்பூரும் அல்ல; பஞ்சாபில் இருக்கும் கபுர்தலா தொழிற்சாலை. ஐ.சி.எஃப். பெயரைச் சொல்லி நம் ஊர்ப் பெருமையைத் தட்டி எழுப்பும் முன் இதையாவது சரிபார்த்திருக்கலாம்.

நாட்டில் இந்த வகை வண்டிகளின் வரலாறு என்ன சொல்கிறது? முதல் ஏசி டபுள் டெக்கர் 2011 அக்டோபர் 1 அன்று ஹவுராவிலிருந்து தன்பாத்துக்குப் புறப்பட்டது. ஆள் சேராமல் பிற்பாடு நிறுத்தப்பட்டது. காச்சிகுடாவிலிருந்து குண்டூருக்கும் திருப்பதிக்கும் விட்டவையும் நிலைக்கவில்லை. நன்றாக உழைத்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்: கோயம்புத்தூரிலிருந்து பெங்களூர் போகும் உதய் எக்ஸ்பிரஸ் 2018 ஜூனில் தொடங்கியது, பகல் பயணத்துக்கு வசதியான வண்டி. சூரத்–மும்பை ஃபிளையிங் ராணியில் 1979 முதல் 2023 வரை இரண்டடுக்குப் பெட்டிகள் ஓடின. சீசன் டிக்கெட்காரர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் அவற்றில் அலுவலகம் போய் வந்தார்கள். அந்தப் பெட்டிகள் கழிக்கப்பட்டபோது இடத்துக்கு வந்தவை ஒற்றைத்தள எல்.எச்.பி. பெட்டிகள். தொலைதூரம், குறைந்த நிறுத்தம், உட்கார்ந்த பயணம் என்றால் மாடி ஓரளவு உதவும். நம் பிரச்சினை அதுவல்ல.

இனி அகலம். கட்டுரை முழுக்க உயரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்: மின்கம்பி தட்டுமா, மேம்பாலம் இடிக்குமா? தட்டாது, இடிக்காது. கபுர்தலா பெட்டியின் உயரம் 4,366 மி.மீ.; அதற்கு மேல் கம்பிக்குப் போதுமான இடம் இருக்கிறது. யாரும் எழுப்பாத ஆட்சேபத்துக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதி வெற்றி கொண்டாடிவிட்டு, எழுப்ப வேண்டிய கேள்வியின் பக்கமே வரவில்லை.

நம் புறநகர் மின்சார ரயில் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 3,660 மி.மீ., அதாவது பன்னிரண்டு அடி. அகல ரயில்பாதை நமக்குக் கொடுத்த பெரிய வசதி இது. இருபுறமும் மும்மூன்று பேர் உட்கார்ந்து, நடுவிலும் வாசலருகிலும் அத்தனை பேர் நிற்க முடிவது இந்த அகலத்தால்தான். பெட்டியின் தளம் நடைமேடையைவிட உயரமாக இருப்பதால் இந்த அகலம் சாத்தியமாகிறது. தண்டவாள மையத்திலிருந்து நடைமேடை விளிம்பு ஏறக்குறைய 1,670 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. பெட்டியின் பாதி அகலமோ 1,830. ஆக, பெட்டியின் உடம்பு நடைமேடை விளிம்புக்கு மேலாக ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

இரண்டடுக்குப் பெட்டியில் கீழ்த்தளம் சக்கரங்களுக்கு நடுவே தாழ இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தளங்களுக்கு உயரம் கிடைக்காது. தாழ இறங்கிய உடம்பு நடைமேடையின் பக்கச் சுவருக்கு நேரெதிரே வந்து நிற்கும். அப்போது சுருங்கியே தீர வேண்டும். கபுர்தலா பெட்டியின் அகலம் 3,050 மி.மீ.தான். அறுபது சென்டிமீட்டருக்கு மேல் போயிற்று. ஓர் ஆளின் தோளகலத்தைவிட அதிகம், அதுவும் பெட்டியின் முழு நீளத்துக்கும். அவ்வளவு சுருக்கியும் ஹவுரா தடத்தில் ஓட்டும் முன் நடைமேடை ஓரங்களில் உரசும் சிக்கலைச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஆவடிக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுன் டாங்கியை அதன் எடைக்கும் அகலத்துக்கும் ஏற்ற வேகன் இல்லாமல் ரயிலில் அனுப்புவது எப்படி என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் ஓடியது. ரயில்பாதையின் அளவுச் சட்டத்துக்கு முன்னால் டாங்கியும் ஒன்றுதான், கட்டுரையும் ஒன்றுதான்.

பெட்டிக்கு அடியில் இருப்பவற்றை எங்கே கொண்டுபோவது? எஞ்சின் இழுக்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்சார ரயிலுக்கு உண்டு. 25 கிலோவோல்ட் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குத் தர டிரான்ஸ்பார்மர், கன்வர்ட்டர், கம்ப்ரசர், பாட்டரி என்று பெரிய சமையலே பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. கீழ்த்தளம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் இவையெல்லாம் கூரைக்கோ பெட்டி முனைக்கோ போக வேண்டும். பயணிகள் இருக்கும் இடத்தைத் தின்னும். சிட்னி அந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்கார ஊர்: அங்கே தடத்தில் ஓடுவது 1,500 வோல்ட் நேர்மின்சாரம், வண்டிக்குள் டிரான்ஸ்பார்மரே வேண்டாம். கட்டுரையாளர் சிட்னி வண்டியின் படத்தைப் போட்டிருக்கிறார். அதன் மேலே ஓடும் கம்பியில் என்ன மின்சாரம் என்று பார்க்கவில்லை. பாரிஸில் இரண்டு வகை மின்சாரத்துக்கும் ஏற்றபடி செய்திருக்கிறார்கள். செய்ய முடியாதது அல்ல. செய்த பிறகு எத்தனை இருக்கை மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஐ.சி.எஃப். செய்து 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் விடப்பட்ட ஏசி மின்சார ரயிலில் பன்னிரண்டு பெட்டிக்கு 1,116 இருக்கை, பெட்டிக்கு 93. சிட்னியில் இன்று ஓடும் வாராட்டா இரண்டடுக்கு வண்டியில் எட்டுப் பெட்டிக்கு ஏறக்குறைய 900; பெட்டிக்கு 112 சொச்சம். இருமடங்கு என்று கட்டுரையின் தலைப்பிலேயே போட்டது கடைசியில் பெட்டிக்கு இருபது இருக்கையில் வந்து நிற்கிறது. இந்த இருபதுக்காக நிற்கும் இடத்தை விற்கச் சொல்கிறார். அதே ஏசி ரயிலில் நிற்பவர்களுக்கு ரயில்வே போடும் கணக்கு 3,798 பேர். மனிதரை மூட்டையாக அடுக்கிப் போட்ட கணக்கு அது, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காலையில் பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஓடும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டு வந்தவர்கள்தான். புறநகர் ரயிலின் கொள்ளளவு தரையில் இருக்கிறது, இருக்கையில் இல்லை. மேல்தளத்தில் கூரை தாழ்வு. நெரிசலாக ஆட்களை நிற்கவிட முடியாது. அவர்கள் எங்கே நிற்பார்கள்? படிக்கட்டில். படிக்கட்டில் நின்றால் மேலே உட்கார்ந்திருப்பவர் எப்படி இறங்குவார்?

இங்கேதான் அவருடைய மாடி வீட்டு உவமை இடிந்து விழுகிறது. மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் அரை நிமிடத்துக்குள் வெளியே வந்து, வேறொரு குடும்பம் உள்ளே போய், அடுத்த இரண்டாவது நிமிடம் மறுபடியும் அதே கூத்து நடக்க வேண்டியதில்லை.

லண்டன்காரர்கள் இதை 1949-லேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்நாட்டு சதர்ன் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளராக இருந்த புல்லீட் வடிவமைத்த இரண்டடுக்கு மின்சார வண்டிகள் இரண்டு, சேரிங் கிராஸ்–டார்ட்ஃபோர்டு தடத்தில் விடப்பட்டன. மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல அமைப்பு. இரண்டு அறைக்கும் ஒரே கதவு. இருக்கை கூடியது, ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி இறங்க ஆன நேரமும் கூடியது. மேலே புழுக்கம் வேறு. அந்த இரண்டு வண்டிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். 1971-இல் அவையும் ஓய்வு பெற்றன. நெரிசலுக்கு அவர்கள் கண்ட மாற்று என்ன தெரியுமா? நடைமேடையை நீட்டி, எட்டுப் பெட்டியைப் பத்துப் பெட்டியாக்கினார்கள். நம் கட்டுரையாளர் முடியவே முடியாது என்று ஒரே வரியில் தள்ளிவிட்ட அதே வேலை.

ஜப்பானையும் அவர் துணைக்கு அழைத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். 1992-இல் வந்த 215 வரிசை இரண்டடுக்கு மின்சார ரயில் 2021-இல் கழிக்கப்பட்டது. அதே ஆண்டு கடைசி இரண்டடுக்கு ஷிங்கன்சென்னும் போயிற்று.

சிட்னிக்கு வருவோம். அவருடைய ஆசை ஊர் அது. 1960-களிலேயே இரண்டடுக்கு மின்சார மோட்டார் பெட்டிகளைச் செய்து காட்டிய நகரம் என்பது சரி. அரை நூற்றாண்டு ஓட்டிப் பார்த்த அனுபவத்துக்குப் பிறகு அந்த நகரம் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டது மறதியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. மணிக்கு இருபது வண்டி என்ற எல்லையைத் தாண்டுவது இரண்டடுக்கு வண்டிகளுக்குக் கடினமாக இருந்தது; காரணம், நகர நடுவிலுள்ள நிலையங்களில் படியிறங்கி வர ஆகும் நேரம். சிட்னி மெட்ரோ 2019 மே மாதம் திறக்கப்பட்டது: ஒற்றைத்தளம், அகலக் கதவு, ஓட்டுநர் இல்லை. 2009-இல் திறந்த எப்பிங்–சாட்ஸ்வுட் சுரங்கத்தில் ஒன்பது ஆண்டு ஓடிக்கொண்டிருந்த இரண்டடுக்கு வண்டிகளை வெளியேற்றிவிட்டு, அதே சுரங்கத்தை இந்த ஒற்றைத்தள மெட்ரோவுக்குக் கொடுத்தார்கள். 2024-இல் அந்த மெட்ரோ நகர மையம் வரை நீண்டது.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. சிட்னியின் அந்த முதல் ஒற்றைத்தள மெட்ரோ வண்டிகள் எங்கே செய்யப்பட்டன? சூலூர்பேட்டைக்குப் பக்கத்தில், ஸ்ரீசிட்டி ஆல்ஸ்டோம் தொழிற்சாலையில். நம் வீட்டு வாசலில் என்றே சொல்லலாம். மாடியில் களைத்துப்போன சிட்னி ஒற்றைத்தளத்துக்கு நம் பக்கத்து ஊர்த் தொழிலாளிகளிடம் ஆர்டர் கொடுத்தது. நம் கட்டுரையாளரோ சிட்னிக்கே சலித்துப்போன மாடிக்குச் சிட்னியிடம் போகச் சொல்கிறார்.

பாரிஸ் பற்றி மட்டும் அவர் சொல்வதில் பாதி சரி. அங்கே ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயில் தடம் முழுக்க 2017-க்குள் இரண்டடுக்கு ஆகிவிட்டது, தினமும் பத்து லட்சம் பேருக்கு மேல் சுமக்கும் தடம் அது. ஆனால் அது எப்படி ஓடுகிறது? பெட்டிக்குப் பக்கத்துக்கு மூன்று பெரிய வாசல் வைத்து, வாசலையொட்டிப் பெரிய முற்றம் விட்டு, அதற்காக இருக்கைகளைக் குறைத்திருக்கிறார்கள். 1989-லேயே வண்டிகளை நெருக்கமாக ஓட்டும் தனி சிக்னல் முறையைப் போட்டார்கள். முதலில் சிக்னல், அதன் பிறகுதான் மாடி. அத்தனைக்கும் பின் ஷாட்லே நிலையத்தில் வண்டி நிற்கும் நேரம் அவர்களுக்கு இன்றும் தலைவலிதான்.

நம் தடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மூர் மார்க்கெட்டுக்கும் ஆவடிக்கும் நடுவே பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர் லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர் என்று பதினோரு நிறுத்தம், ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்குள். ஒவ்வொன்றிலும் மாடியால் அரை நிமிடம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஐந்தரை நிமிடம், வரும்போது ஐந்தரை. ஒரு ரேக் காலை அவசர நேரத்தில் அடிக்கும் நடைகளில் இது விழும். பின்னால் வரும் வண்டியும் சிக்னலில் நிற்கும். பெட்டிக்கு இருபது இருக்கை சம்பாதித்து ஒரு முழு வண்டியை இழக்கும் வியாபாரம்.

ஏறுபவர்கள் யார் என்பதையும் அவர் யோசிக்கவில்லை. வேப்பம்பட்டிலும் செவ்வாப்பேட்டையிலும் ஏறுகிறவர்களில் கூடையோடு வருகிறவர்கள் உண்டு. வெண்டர் பெட்டி என்று ஒன்று அதற்காகவே இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லோரும் கீழ்த்தளத்துக்கும் படியிறங்கித்தான் போக வேண்டும் என்பதை இரண்டடுக்குப் பெட்டியில் ஒருமுறையாவது ஏறியவர் மறக்க மாட்டார். இதில் சமதளம் என்பது பெட்டி முனையில் கதவருகே இருக்கும் கொஞ்ச இடம் மட்டும். அந்த இடத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள். இன்றைக்கு ஃபுட்போர்டில் தொங்குபவர் நாளைக்கும் அங்கேயே தொங்குவார், தலைக்கு மேல் ஒரு மாடியோடு.

எல்லாவற்றையும்விட என்னை அசர வைத்தது ஒரே ஒரு வாக்கியம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு இரண்டடுக்கு ரயில் வரப்பிரசாதமாக இருக்குமாம். பூந்தமல்லியில் புறநகர் ரயில் நிலையமே இல்லை, ஐயா! அதற்கான தண்டவாளமும் இல்லை. பூந்தமல்லிக்காரர் பஸ் பிடித்து ஆவடிக்கு வந்தால்தான் உங்கள் மாடியை அண்ணாந்தாவது பார்க்க முடியும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு புதிய பாதை பத்தாண்டுக்கு மேலாகக் காகிதத்தில் கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் பாதியைக் குறைத்திருக்கக்கூடிய பாதை. மேற்குப் புறநகரின் ரயிலைப் பற்றிப் பல பக்கம் எழுதியவர் அதை ஒரு வரியில்கூடக் கேட்கவில்லை.

பூந்தமல்லிக்கு உண்மையில் வருவது மெட்ரோ. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கி.மீ., இரண்டாம் கட்டத்தின் நான்காம் வழித்தடம். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் நடுவே ஓட்டுநர் இல்லாத வண்டி சோதனை ஓட்டம் போனது. மூன்று பெட்டி, ஒற்றைத்தளம், அதே ஸ்ரீசிட்டி. இரண்டடுக்கு மோகம் உள்ளவர்களுக்கு அதிலும் ஒரு விருந்து உண்டு: ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை, ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு, நான்காம் ஐந்தாம் வழித்தடங்கள் ஒரே தூண்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. பாதைக்கு மாடி கட்டினால் இரண்டு வழித்தடம் கிடைக்கிறது, வாசல்கள் அப்படியே இருக்கின்றன, யாரும் வண்டிக்குள் படியேற வேண்டாம். நிலமில்லாத ஊரில் மேலே போவது என்றால் இப்படிப் போவது.

நடைமேடையை நீட்ட முடியாது, நிலம் கிடைக்காது என்கிறாரே? ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு பெட்டியானது இதே சென்னையில் நடந்ததுதான். அப்போதும் நடைமேடைகள் நீண்டன. மும்பையின் மேற்குத் தடத்தில் 2009 முதலே பதினைந்து பெட்டி வண்டி ஓடுகிறது. பன்னிரண்டு பதினைந்தானால் கொள்ளளவு கால் பங்கு கூடும், புது வடிவப் பெட்டியும் வேண்டாம், புதுப் பணிமனையும் வேண்டாம். எளிது என்று சொல்ல மாட்டேன். சிக்னலை நகர்த்த வேண்டும், சுரங்கப்பாதை வாயில் குறுக்கிடும், அண்ணனூர் பணிமனையில் வண்டி நிறுத்தும் தடங்களையும் நீட்ட வேண்டியிருக்கும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக 4.3 கி.மீ. வேலை நடந்தபோது பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டிலிருந்து பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுபோனது. ஆவடிப் பக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு மாறாமல் போய்க்கொண்டிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் வேலை முடிந்தது, பாதை கிடைத்தது. படும் பாட்டுக்கேற்ற பலன் தரும் வேலை எது என்று தெரிந்துகொண்டுதான் மக்களைப் பாடுபடுத்த வேண்டும்.

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை இந்தத் தடம் மின்மயமானது 1979-இல், அரக்கோணம் வரை 1982-இல். அன்றைக்குத் திருநின்றவூருக்கு அப்பால் பெரும்பாலும் வயல். இன்று வீட்டுமனை. நவீனமாக்கல் என்று அவர் உண்மையாகவே எதையாவது கேட்க விரும்பினால் வண்டிகளின் வேகமெடுப்பைக் கேட்கட்டும், தானாக மூடும் கதவைக் கேட்கட்டும், நெருங்கி ஓட விடும் சிக்னலைக் கேட்கட்டும், தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல் அம்பத்தூரில் ஒரு கூட்டம் முழுக்கச் சீக்கிரம் வெளியேற அகலமான நடைமேம்பாலத்தைக் கேட்கட்டும். நண்பகலில் ஒரு வண்டியைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்று கேட்கட்டும். கோயம்பேட்டிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை ஏறக்குறைய 22 கி.மீ., 19 நிலையம் என்று மெட்ரோவுக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. அதற்கு யார் எப்போது பணம் தருவார்கள் என்று கேட்கட்டும். இவற்றில் எதற்கும் படம் போட்டு அழகு பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

மாடிதான் வேண்டும் என்றால் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரிலேயே திறந்தாயிற்று. அங்கே வேலைக்கு ரயிலில் வருபவர் இந்துக் கல்லூரி நிலையத்தில் இறங்குகிறார். அந்த நிலையத்தில் காலை எட்டிலிருந்து பத்து வரை எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி நிற்க வேண்டும், அதற்கு எத்தனை ரேக் கூடுதலாக வேண்டும், அவற்றை இரவில் எங்கே நிறுத்துவது என்று கட்டுரையாளர் அடுத்து எழுதட்டும். அதற்கு எதிர்வினை எழுத மாட்டேன். கூடவே கையெழுத்துப் போடுகிறேன்.